பிலாத்துவின் பேரும் சுடலையாண்டியின் பேரும்

ரயில்வே கேட் விழுந்துவிட்டது. ஐந்தாறு விநாடி முந்தி வந்திருந்தால் சபைக் குருவானவர் வேதமுத்து ஐயர் இந்நேரம் அந்தப் பக்கம் போயிருப்பார். அவருக்கு முன்னால் போன மீன் வண்டிக்காரர் தலையைக் குனிந்துகொண்டு கடந்து போய்விட்டார், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, அவருக்கென்ன. ஐயர் ஸ்கூட்டரை நிறுத்தி, வெள்ளை அங்கியின் ஓரம் சைலன்சரில் படாதபடி இழுத்து இடுப்புக் கயிற்றில் செருகிக்கொண்டு, கேட்கீப்பர் அம்மாளிடம் எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டார். "ரெண்டு வண்டி இருக்குய்யா. ஒண்ணு போயி மத்தது வந்த பொறவுதான் தொறக்க முடியும். இருவது நிமிசம் ஆவும்" என்றாள் அவள், பச்சைக் கொடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு. இருபது நிமிஷம். மணி பத்து ஐம்பது. கீழவடலி இங்கிருந்து நாலு கிலோமீட்டர். இந்த முழங்காலோடு நடந்தால் ஒரு மணி நேரம் ஆகும், நிற்பதுதான் சீக்கிரம். முன்பெல்லாம் வண்டியைச் சாய்த்துக் கம்பிக்கு அடியில் நுழைந்து போய்விடுவார்கள். போன ஆவணியில் பால்கார எபநேசர் அப்படி நுழைந்தார், ஆள் தேறவில்லை, அதிலிருந்து கம்பிக்கு அடியில் வலை தொங்கவிட்டிருக்கிறார்கள். எபநேசருக்குக் குழி வெட்டியது சுடலையாண்டி. ஏழு ஊர்ச் சபைகள் சேர்ந்த இந்தச் சேகரத்தில் யார் செத்தாலும் குழி வெட்டுவது சுடலையாண்டிதான். அந்தச் சுடலையாண்டி இப்போது கீழவடலியில் மருமகள் போட்ட பாயில் மூச்சுக்குத் தவித்துக்கொண்டு கிடக்கிறார். அவருக்கு ஞானஸ்நானம் கொடுக்கத்தான் ஐயர் போகிறார். போய்ச் சேர்வதற்குள் அவர் போய்விட்டால் என்ன செய்வது என்பதை மட்டும் நினைக்கக் கூடாது என்று கோயில் வளாகத்தை விட்டு வண்டியை எடுக்கும்போதே முடிவு செய்திருந்தார், வழியெல்லாம் அதைத்தான் நினைத்துக்கொண்டு வந்தார்.

வெயில் கழுத்தில் இறங்கியது. தண்டவாளத்துக்கு அப்பால் தெரிந்த உப்பளத்தில் வெள்ளைக் குவியல்கள் கண்ணைக் கூசவைத்தன. பேச்சியின் போன் வந்தது ஒன்பதே முக்காலுக்கு. பேச்சி சுடலையாண்டியின் மருமகள், மகன் திருப்பூரிலிருந்து வந்துகொண்டிருக்கிறான், பஸ் இன்னும் மதுரையைத் தாண்டவில்லையாம். "ஐயா, மாமாவுக்கு ரொம்ப மூச்சு வாங்குது. நேத்தே டாக்டரு வீட்டுக்குக் கொண்டு போயிருங்கன்னுட்டாவ. ஒங்களத்தான் கேக்காவ. இன்னைக்காவது ஞானஸ்தானம் குடுப்பாவளான்னு கேக்காவ." இன்னைக்காவது. அந்தச் சொல்லை அவள் குத்தலாகச் சொல்லவில்லை, அவள் அப்படிப்பட்டவள் இல்லை, மாமனார் சொன்னதை அப்படியே சொன்னாள், அதுதான் நெஞ்சில் போய்த் தைத்தது. ஒன்பதே முக்காலுக்கு வந்த போனுக்கு அவர் பத்தே காலுக்கே இந்தக் கேட்டைக் கடந்திருக்க வேண்டும். ஏன் கடக்கவில்லை? ஞானஸ்நானம் பெற்றவர் பேரை எழுதுகிற ரிஜிஸ்டரைத் தேடினார். ரிஜிஸ்டர் கிடைத்தது, சான்றிதழ் புத்தகத்தைக் காணோம். அது கிடைத்தது, சபை முத்திரை பீரோவில் இல்லை, மேஜை இழுப்பறையில் இருந்தது. முத்திரை கிடைத்தது, இங்க் பேட் காய்ந்து கிடந்தது. அதில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டு, விரலால் குழைத்து, ஒரு பழைய காகிதத்தில் இரண்டு தடவை குத்திப் பார்த்து, எழுத்துத் தெளிவாக விழுகிறதா என்று ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கியும் பார்த்தார். ஒரு மனுஷன் அங்கே தண்ணீருக்குக் காத்துக் கிடக்கிறான், நீ இங்க் பேடுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாயா, வேதமுத்து. கட்டைவிரலைப் பார்த்தார். ஊதா மை இன்னும் போகவில்லை. அங்கியில் துடைக்கப் போய், வேண்டாம் என்று ஸ்கூட்டர் சீட்டின் அடியில் தேய்த்துக்கொண்டார்.

முப்பத்தொரு வருஷம். ஐயமார் மாறி மாறி வந்தார்கள், வேதமுத்து ஒன்பதாவது ஆள், சுடலையாண்டி மாறவில்லை. குழி வெட்டிவிட்டு, மண்வெட்டியைத் தோளில் சாத்திக்கொண்டு, கல்லறைத் தோட்டத்து மதில் ஓரம் வேப்பமரத்தடியில் நிற்பார். பாட்டு முடிந்து, ஜெபம் முடிந்து, பெட்டி இறங்கி, எல்லாரும் ஒரு பிடி மண் போட்டுவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டு போன பிறகுதான் அவர் கிட்டே வருவார். சபையில் அவர் இல்லை, அவர் சாதியில் இங்கே யாரும் சபையில் இல்லை. குழிக்குப் பக்கத்தில் நின்றாலும் ஜெபத்துக்குத் தூரத்தில் நிற்கிற ஆள் அவர், அப்படித்தான் எல்லாரும் நினைத்திருந்தார்கள், ஐயரும் நினைத்திருந்தார். போன தை மாதம் ஒரு வியாழக்கிழமை, ஐயர் குடியிருக்கிற குருமனை வாசலில் வந்து நின்று, "ஐயா, எனக்கும் ஞானஸ்தானம் குடுங்க" என்றார். எதற்கு, யார் சொல்லிக் கேட்கிறீர், என்ன தேவை என்று ஐயர் விசாரித்தார். உதவி கேட்டு வருகிறவர்கள் உண்டு, சர்டிபிகேட் கேட்டு வருகிறவர்களும் உண்டு, கேட்கத்தான் வேண்டும். சுடலையாண்டி தலையைச் சொறிந்தார். "நீங்கல்லாம் ஒவ்வொரு குழியிலயும் நின்னு, இவுக திரும்ப எந்திரிப்பாவன்னு சொல்லுதீய. முப்பது வருசமாக் கேக்கேன். மொதல்ல சும்மா கேட்டேன். பொறவு நம்பிட்டேன்." அவ்வளவுதான் அவர் சொன்னது. அதைக் கேட்ட அந்த நிமிஷத்தில் ஐயருக்கு உடம்பு ஒரு தரம் சிலிர்த்தது உண்மை. ஆனால் சிலிர்ப்பு அடங்கியதும் அவர் என்ன சொன்னார்? "சந்தோஷம். வியாழக்கிழமை தோறும் அஞ்சு மணிக்கு வாங்க. இருவத்துநாலு வாரப் பாடம் இருக்கு" என்றார். அந்தப் பாடத்தை அவர்தான் எழுதினார். பெங்களூரில் இரண்டு வருஷம் உட்கார்ந்து ஆராய்ச்சி செய்தது அதைப் பற்றித்தான், ஆதிச் சபையில் ஞானஸ்நானத்துக்கு எப்படியெல்லாம் ஆயத்தப்படுத்தினார்கள் என்பது பற்றி. மூன்று வருஷம் காக்க வைத்தார்களாம் அந்தக் காலத்தில், நான் இருபத்து நாலு வாரம்தானே வைக்கிறேன் என்று அவருக்கு ஒரு பெருமை கூட உண்டு. சுடலையாண்டி வந்தார். நாற்காலி போட்டிருந்தும் தரையில்தான் உட்கார்ந்தார். முதல் வாரம் "மேல உக்காருங்க" என்று ஐயர் சொன்னார், இரண்டாவது வாரமும் சொன்னார், மூன்றாவது வாரம் சொல்ல மறந்துவிட்டார். மறந்ததா அது? வெயில் அங்கிக்குள் புகுந்து முதுகில் வேர்வை வழிந்து இறங்கியது. மறந்தது என்றே வைத்துக்கொள்ளலாம் என்று பார்த்தார், மனசு ஒப்பவில்லை.

தூரத்தில் முதல் வண்டியின் சத்தம் கேட்டது. கூட்ஸ் வண்டி, மெதுவாகத்தான் வந்தது, உப்பு மூட்டையோ நிலக்கரியோ, தார்ப்பாய் போட்டு மூடிய பெட்டிகள் ஒவ்வொன்றாகக் கடகடத்துப் போயின, ஐயர் எண்ண ஆரம்பித்து பன்னிரண்டில் விட்டுவிட்டார். பன்னிரண்டாவது வாரம்தான் விசுவாசப் பிரமாணம் பாடம். ஞாயிறுதோறும் சபை எழுந்து நின்று சொல்கிற அதைப் பார்க்காமல் சொல்ல வேண்டும், அது விதி. எழுதப் படிக்கத் தெரியாத சுடலையாண்டி வரி வரியாகக் கேட்டு மனப்பாடம் பண்ணினார், வானத்தையும் பூமியையும் படைத்தது சொன்னார், கன்னி வயிற்றில் பிறந்தது சொன்னார், கிறிஸ்துவைச் சிலுவைக்கு ஒப்புக்கொடுத்த அதிபதி பிலாத்துவின் பேர் வந்ததும் நின்றுவிட்டார். மறந்துவிட்டார் என்று ஐயர் எடுத்துக் கொடுத்தார். "மறக்கலய்யா" என்றார் அவர். "பொறவு ஏன் சொல்ல மாட்டேங்கிறீரு?" "அவரக் கொன்னவன் பேர நான் எதுக்குய்யா சொல்லணும்? சாமி கும்பிடுத எடத்துல கொன்னவன் பேரு எதுக்கு?" ஐயருக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். நாற்பது நிமிஷம் விளக்கினார். இது வெறும் கதை இல்லை என்பதற்குத்தான் அந்தப் பேர், இன்ன நாட்டில், இன்ன அதிபதி இருந்த காலத்தில் நடந்தது என்று தேதி போட்ட மாதிரி, அது இல்லாவிட்டால் நம் விசுவாசத்துக்குத் தரையில் கால் இல்லை என்றெல்லாம் சொன்னார். நல்ல விளக்கம்தான், இப்போதும் அவருக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை. சுடலையாண்டி முழுக்கக் கேட்டுவிட்டு, "நீங்க சொல்லுதது சரிதான்யா. ஆனா வாயில வர மாட்டேங்கு" என்றார். ஐயர் நோட்டில் எழுதினார்: மறுபடி படிக்க வேண்டும். அடுத்த வாரமும் அதே. அதற்கு அடுத்த வாரமும் அதே. மூன்று தடவை ஒரு மனுஷனைத் தோற்கடித்துத் திருப்பி அனுப்பினார், தன்னுடைய ஆண்டவரைக் கொன்றவன் பேரைச் சொல்ல அவருக்கு மனசு வரவில்லை என்ற குற்றத்துக்காக. கூட்ஸ் வண்டியின் கடைசிப் பெட்டி போய்விட்டது. கேட் திறக்கவில்லை. பின்னால் நின்ற மினி பஸ்காரன் ஹாரனை அடித்துத் தீர்த்தான், அந்த அம்மாள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பிறகு பேர். ஞானஸ்நானம் எடுத்தால் வேதத்திலிருந்து ஒரு பேர் வைப்பது இந்தப் பக்கத்து வழக்கம். சட்டம் ஒன்றும் இல்லை, வழக்கம்தான், ஆனால் வழக்கத்தை மாற்றுகிற குருவானவரைச் சபை இலேசில் விடாது. சுடுகாட்டுச் சாமியின் பேரை வைத்துக்கொண்டு ஒரு ஆள் ஞானஸ்நானத் தொட்டி அண்டையில் நிற்க முடியுமா? ஐயர் நிறைய யோசித்து லாசரு என்று ஒரு பேரைத் தேர்ந்து வைத்திருந்தார். செத்து, கல்லறையிலிருந்து எழுந்து வந்தவர், குழி வெட்டுகிறவருக்கு இதைவிடப் பொருத்தமாக ஒரு பேர் கிடைக்காது என்று அவருக்கே தன்மீது ஒரு மெச்சுதல். சுடலையாண்டி கேட்டுவிட்டு, "நல்ல பேருய்யா. ஆனா அது அவரு பேருல்லா" என்றார். அவருக்கு முன் பிறந்த மூன்று பிள்ளைகளும் தங்காமல் போய், நாலாவதாக இவர் பிறந்தபோது, இதுவாவது நிலைக்கட்டும் என்று அம்மா நேர்ந்து வைத்த பேராம். "அவ கூப்புட்ட பேருய்யா. அவ எந்திரிச்சு வந்து என்னயத் தேடுனா, என்ன பேரச் சொல்லித் தேடுவா?" ஐயர் வேதத்தில் வருகிற பழைய மனுஷன் புது மனுஷன் என்று ஏதோ சொல்லிப் பேச்சை மாற்றினார். இப்போது, இந்த வெயிலில், மினி பஸ் ஹாரனுக்கு நடுவில், ஒன்று சட்டென்று வந்து நின்றது: கொன்றவன் பேருக்கு இத்தனை நூறு வருஷமாக நம்முடைய பிரமாணத்தில் இடம் இருக்கிறது. ஞாயிறுதோறும் குழந்தைகள் முதற்கொண்டு எழுந்து நின்று அவன் பேரைச் சொல்கிறோம். ஒரு தாய் நேர்ந்து வைத்த சுடலையாண்டி என்ற பேருக்குத்தான் இடம் இல்லையா? இதை யோசிக்கப் பெங்களூருக்குப் போக வேண்டியதில்லை. ஒரு சின்னப் பிள்ளை கேட்டிருக்கும்.

தனக்கு ஏன் கேட்கத் தோன்றவில்லை என்று மனசுக்குள் தேடினால் அங்கே பொன்னையா வாத்தியார் நின்றுகொண்டிருந்தார். சபைக் கமிட்டிச் செயலாளர், நல்ல மனுஷர், யாரையும் எடுத்தெறிந்து பேசமாட்டார். பாடம் ஆரம்பித்த இரண்டாவது வாரம் வந்து, காப்பி குடித்துவிட்டு, "குடுக்க வேண்டாம்னு சொல்லலய்யா. மெதுவாக் குடுக்கலாமேன்னுதான் சொல்லுதேன். இவரு ஒருத்தரு வந்தா நாளைக்கு அந்தத் தெருவே வரும். கல்லறைத் தோட்டத்துல எடம் வேற கம்மியா இருக்கு" என்றார். ஐயர் அதற்குக் கோபப்படவில்லை. கோபப்பட்டிருக்க வேண்டும். கோபப்படுவதற்குப் பதிலாகப் பாடத்தைக் கடினமாக்கினார். மெதுவாக என்ற சொல் அவருக்கும் வசதியாக இருந்தது, வாத்தியார் பேரைக் கெடுக்காமல், தன் பேரையும் கெடுத்துக்கொள்ளாமல், ஆதிச் சபை மேல் பழியைப் போட்டுவிட்டு வியாழக்கிழமைகளைத் தள்ளிக்கொண்டே போனார். படிப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தாய் வேதமுத்து, பயம் அது. இருபத்து நாலு வாரம் முப்பத்தாறு வாரம் ஆனதற்கு உன் பயம்தான் காரணம். யாரிடமும் சொல்லவில்லை, தனக்குத்தான் சொன்னார், ஆனாலும் கேட்கீப்பர் அம்மாள் காதில் விழுந்திருக்குமோ என்பது போல் அவள் பக்கம் ஒரு பார்வை பார்த்துக்கொண்டார். அவள் போனில் ஸ்டேஷன்காரரோடு பேசிக்கொண்டிருந்தாள்.

சுகிர்தத்தைப் பற்றி நினைக்க வேண்டாம் என்றிருந்தார், மனம் அங்கேதான் போய் முட்டியது. நாலு வருஷத்துக்கு முன், ஐப்பசி மழை, அவர் மனைவியை அந்தத் தோட்டத்தில்தான் வைத்தார்கள். அடக்க ஆராதனையை வேறொரு ஐயர் வந்து நடத்தினார். எழுந்திருப்பாள் என்ற இடம் வந்தபோது வேதமுத்துவுக்கு ஒன்றும் கேட்கவில்லை. அடுத்தவர் வீட்டுக் குழிகளில் எத்தனையோ தடவை தானே சொன்னதுதான், தன் வீட்டுக் குழியில் அது வெறும் சத்தமாக இருந்தது. மழையில் எல்லாரும் கலைந்து போன பிறகு அவர் மட்டும் குடையோடு நின்றார். மதில் ஓரத்திலிருந்து சுடலையாண்டி வந்தார், தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு. "ஐயா, அம்மாவுக்குக் கால்மாட்டுல நல்லா அகலமா வெட்டிருக்கேன்" என்றார். எதற்கு என்று ஐயர் கேட்டார். "எல்லாருக்கும் அப்படித்தான்யா வெட்டுதது. எந்திரிக்கையில கால் இடிக்கக் கூடாதுல்லா." அன்றைக்கு ராத்திரி அவர் தூங்கியது அந்த வார்த்தையால்தான். வந்தவர்கள் சொன்ன ஆறுதல் எதுவும் நிற்கவில்லை, கால் இடிக்கக் கூடாது என்பது நின்றது. சுகிர்தத்துக்குக் காலை எப்போதும் எதிலாவது இடித்துக்கொள்கிற வழக்கம். ஆனால் அதற்கு அவர் செய்த கைம்மாறு என்ன? ஆறு மாதம் கழித்து, குருவானவர்கள் கூட்டத்தில் சாப்பாட்டு நேரத்தில், எங்கள் ஊர்க் குழி வெட்டுகிறவரின் உயிர்த்தெழுதல் சாஸ்திரம் என்று அதை ஒரு வேடிக்கையாக எடுத்துவிட்டார். எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். அதை நினைத்தபோது ஐயருக்கு ஸ்கூட்டரை விட்டு இறங்கி எங்காவது போய் நின்றுகொள்ள வேண்டும் போல் இருந்தது. ஒரு நாள் பாடம் முடிந்து போகும்போது சுடலையாண்டி வாசல்படியில் திரும்பி நின்று, "எல்லாத்துக்கும் நான் வெட்டுதேன். எனக்கு யாருய்யா வெட்டுவா?" என்று கேட்டார், சிரித்துக்கொண்டேதான் கேட்டார். ஐயரும் சிரித்துவைத்தார். ஞானஸ்நானம் இல்லாமல் போனால் அவருக்கு அந்தத் தோட்டத்தில் இடமே கிடையாது, வெட்டுவது யார் என்ற பேச்சுக்கே போக வேண்டாம். முப்பத்தொரு வருஷம் கால்மாட்டில் அகலமாக வெட்டின மனுஷனை ஓடைக்கரைச் சுடுகாட்டுக்குத் தூக்கிக்கொண்டு போவார்கள், வாத்தியார் மாலை ஒன்று அனுப்புவார்.

போன் அடித்தது. பேச்சி. "ஐயா, எங்க வாறீய?" "ரயில்வே கேட்டுலம்மா. மூடிக் கெடக்கு. மாமா எப்படி இருக்காரு?" "கையி காலெல்லாம் சில்லுன்னு ஆயிட்டு. விட்டு விட்டு மூச்சு விடுதாவ. கண்ணு வாசலப் பாத்தே கெடக்கு." அவள் அழவில்லை, அழுகையைப் பல்லில் கடித்துக்கொண்டு பேசுகிறாள் என்று தெரிந்தது. ஐயர் கம்பியைப் பார்த்தார், வலையைப் பார்த்தார், மணியைப் பார்த்தார், பதினொன்று மூன்று. ஸ்கூட்டர் பெட்டியில் ரிஜிஸ்டர் இருந்தது. முத்திரை இருந்தது. "பேச்சி, நான் சொல்லுததக் கேளு. நான் வார வரைக்கும் காத்துக்கிட்டிருக்க வேண்டாம். நீயே குடு." "என்னதய்யா?" "ஞானஸ்நானம். நீயே குடுக்கலாம். அவசரத்துக்கு யாரும் குடுக்கலாம்." "நான் இன்னும் கோயில்ல சேரலியேய்யா. எனக்கே ஆவலியே" என்றாள். ஞானஸ்நானம் பெறாதவர் கொடுத்தால் அது செல்லுமா என்பது அவர் பரீட்சையில் எழுதிய கேள்வி. செல்லும் என்பதற்கு மூன்று பக்கம், செல்லாது என்பதற்கு மூன்று பக்கம், நல்ல மார்க். அந்த ஆறு பக்கமும் ஒரே மூச்சில் கண் முன்னால் வந்து நின்றன. நிற்கட்டும். "பரவால்லம்மா. தண்ணி எடு." "எந்தத் தண்ணிய்யா? கொடத்துல நேத்துப் புடிச்ச பைப்புத் தண்ணிதான் கெடக்கு." "அது போதும். கையில அள்ளி மூணு தடவ நெத்தியில ஊத்து. ஊத்தும்போது நான் சொல்லுதத அப்படியே சொல்லு. மொதல்ல அவரு பேரு." "என்ன பேருய்யா? நீங்க ஏதோ புதுப்பேரு வெச்சிருக்கீயன்னு மாமா சொன்னாவளே." தண்டவாளம் மெல்ல முனகத் தொடங்கியது. இரண்டாவது வண்டி. "அவரு பேரு என்னவோ அதையே சொல்லு. சுடலையாண்டின்னே சொல்லு." உரக்கச் சொல்லிவிட்டார் போலிருக்கிறது. வெள்ளை அங்கி போட்ட ஐயர் ஒருவர் நடுரோட்டில் சுடலையாண்டி சுடலையாண்டி என்று கத்துவதை மினி பஸ் ஜன்னல்கள் எல்லாம் பார்த்தன.

"ஐயா" என்றாள் பேச்சி, குரல் இறங்கிவிட்டது. "மாமனாரு பேர நான் எப்படிய்யா சொல்ல? கல்யாணம் ஆயி பதினாறு வருசத்துல ஒரு நாளு சொன்னதில்லையே." இதை அவர் எதிர்பார்க்கவில்லை. எந்தப் புத்தகத்திலும் இது இல்லை. ரேஷன் கடையில்கூட மருமகள்கள் மாமனார் பேரைக் கேட்டால் அட்டையை நீட்டிக் காட்டுவார்களே தவிர வாயைத் திறக்கமாட்டார்கள், அவருக்குத் தெரியும், அவருடைய சுகிர்தமும் அவர் அப்பா பேரைக் கடைசி வரை சொன்னதில்லை. வாயில் வராத பேரைச் சொன்னால்தான் ஆயிற்று என்று ஒரு கிழவனை முப்பத்தாறு வாரம் உட்கார வைத்தவன், இப்போது இவளிடமும் அதையே கேட்கிறேன் என்று நினைத்தார். பேர் வேண்டாம் என்று சொல்லிவிடலாமா? ஆனால் இது வேறு. அது கொன்றவன் பேர், இது கூப்பிட வேண்டிய பேர். "தாயி, இது மரியாதக்கொறவு இல்ல. அவர ஆண்டவர்ட்ட ஒப்படைக்கோம். யாருன்னு சொல்லி ஒப்படைக்கணும்லா. இன்னைக்கு ஒரு நாளு சொல்லு." வண்டி தெரிந்தது, சிவப்பு மூக்கோடு, வேகமாக. "சரிய்யா. தண்ணி கையில இருக்கு. சொல்லுங்க." அவர் சொன்னார். பேரைச் சொன்னார், பிதாவைச் சொன்னார், குமாரன் என்று சொல்லும்போது வண்டியின் இரைச்சல் வந்து விழுந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை, இரும்பும் காற்றும்தான். அங்கி பறந்து முகத்தில் அடித்தது. ஐயர் ஒரு காதைப் பொத்திக்கொண்டு போனுக்குள் கத்தினார், தன் சத்தம் தனக்கே கேட்கவில்லை, அவளுக்குக் கேட்கிறதா தெரியவில்லை, திரும்பவும் முதலிலிருந்து கத்தினார், பெட்டி பெட்டியாக ஜன்னல்களில் முகங்கள் போய்க்கொண்டே இருந்தன, ஒரு குழந்தை அவரைப் பார்த்துக் கையாட்டியது. இரக்கமாயிரும். அவருக்கு ஜெபம் என்று வந்தது அந்த ஒரு வார்த்தைதான். எத்தனையோ ஜெபங்கள் எழுதியிருக்கிறார், அச்சுப் போட்டிருக்கிறார்கள். ஒன்றும் வரவில்லை. இரக்கமாயிரும், அவருக்கும் எனக்கும்.

வண்டி போய்விட்டது. சத்தம் உடனே போகவில்லை, காதுக்குள் கொஞ்சம் நின்றது. "பேச்சி" என்றார். "இருக்கேன்யா." "என்னம்மா ஆச்சு?" "ஊத்திட்டேன்யா. நீங்க சொன்னது பாதிதான் கேட்டிச்சு. பொறவு ஒரே ரயில் சத்தம். மிச்சத்த நானாத்தான் சொன்னேன்." என்ன சொன்னாய் என்று கேட்க வாய் வந்துவிட்டது. பரிசுத்த ஆவியைச் சொன்னாயா, மூன்று பேரையும் சொன்னாயா, எந்த வரிசையில் சொன்னாய், நாக்கு நுனியில் எல்லாக் கேள்வியும் வரிசையாக வந்து நின்றது, இத்தனை வருஷப் பழக்கம் அவ்வளவு சுலபத்தில் விடுமா. ஐயர் கேட்கவில்லை. வாயை மூடிக்கொண்டார், அப்படியே கண்ணையும். "ஆமென்" என்றார். "பேரச் சொன்னதும் கண்ணத் தொறந்து என்னயப் பாத்தாவய்யா" என்றாள் பேச்சி, இப்போதுதான் அழுதாள். "'எட்டி, எம் பேரச் சொல்லிட்டியே'ன்னு சிரிக்காவ. தண்ணி குளுந்து கெடக்குன்னாவ. பேச்சு வருதுய்யா, மெல்லமா."

கேட்கீப்பர் அம்மாள் சக்கரத்தைச் சுற்றத் தொடங்கினாள். கம்பி ஆடி ஆடி மேலே எழும்பியது, வலை தரையை விட்டுப் பிரிந்தது. பின்னால் மினி பஸ் உறுமிக்கொண்டு நகர்ந்தது, ஹாரன் அடித்தான், ஐயர் நகரவில்லை. கல்லறைத் தோட்டத்து வேப்பமரத்தடியில் அந்த மண்வெட்டி சாத்தியிருக்கும், பிடியில் கந்தல் துணி சுற்றியிருக்கும். ஐயர் அதைக் கையில் பிடித்ததில்லை. கை பொத்துப் போகும், முழங்கால் தாங்காது, முழு நாள் ஆகும், வாத்தியார் வந்து பார்ப்பார், கமிட்டி முழுக்க வந்து மதில் ஓரம் நின்று பார்க்கட்டும். "பேச்சி, போன மாமா காதுல வை" என்றார். வைத்தாள், மூச்சுச் சத்தம் கேட்டது, விட்டு விட்டு, உப்புக் காற்று ஓலையில் உரசுவது மாதிரி. "சுடலையாண்டி அண்ணே" என்றார் ஐயர். இத்தனை நாளில் அவரை அண்ணே என்று கூப்பிட்டதில்லை. "அன்னைக்கு ஒண்ணு கேட்டீயள்லா, ஒங்களுக்கு யாரு வெட்டுவான்னு. நான் வெட்டுதேன். கால்மாட்டுல அகலமா வெட்டுதேன்." பதில் வருகிறதா என்று காதை வைத்துக்கொண்டே, ஒரு கையால் ஸ்கூட்டரைத் தள்ளித் தண்டவாளத்தைக் கடந்தார்.